அவரிடமே கேளுங்கள்

"மாப்பிள்ளை எப்படிம்மா இருக்காரு? சாப்பிடுறாரா, தூங்குறாரா?" இந்த ஒன்றரை வருடத்தில் என்னிடம் இதைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. அக்கறையில் கேட்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் இப்படிக் கேட்கும்போது பெரும்பாலும் என் கணவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். வந்தவர் அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, முகத்தை என் பக்கம் திருப்பி, குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு கேட்பார். நானும் பதில் சொல்வேன். நேற்று ரெண்டு இட்லி சாப்பிட்டார், ராத்திரி நல்லா தூங்கினார், வலி பரவாயில்லை, டாக்டர் ஒன்றும் பயமில்லை என்றார். அவர் மடியில் துண்டை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நாக்கில் புற்றுநோய் வந்தவருக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆளை வைத்துக்கொண்டே ஆளைப் பற்றி இப்படிப் பேசுகிறோமே என்பது ரொம்ப நாளாக எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவர் அரசு பஸ் கண்டக்டர். மதுரை ஆரப்பாளையத்திலிருந்து தேனி போகிற லைனில் பல வருடம் ஓடியவர். "செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி" என்று பின்படிக்கட்டில் நின்று அவர் கூப்பிடுவது எதிர் வரிசையில் இருக்கிற டீக்கடை வரைக்கும் கேட்கும். கல்யாணமான புதிதில் நான் வேலைக்குப் போக அதே பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். கூட்டத்தில் ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். வீட்டிலும் அப்படித்தான், மெதுவாகப் பேசவே தெரியாது. மகள் பத்தாம் வகுப்புக்குப் படிக்கும்போது "அப்பா, உள்ள வச்சுப் பேசுங்கப்பா" என்று தினமும் சொல்லுவாள். உள்ளே வைத்துப் பேசுவது என்பது அவருக்கு வராத வித்தை.

புண் வந்தபோது சூட்டுப் புண் என்றுதான் நினைத்தோம். நாக்கின் வலது ஓரம், கடைவாய்ப் பல் உரசுகிற இடம். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், மெடிக்கலில் கொடுத்த வைட்டமின் மாத்திரை என்று நாள் போனது. மூன்று வாரம் ஆகியும் ஆறாத வாய்ப்புண்ணை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ராத்திரி டூட்டியில் கண் அசராமல் இருக்க வெற்றிலை போடுவார். முதலில் புகையிலையோடு, பிறகு நான் போட்ட சண்டையில் புகையிலையை விட்டு வெறும் வெற்றிலை பாக்கு. அதுவே பெரிய வெற்றி என்று நினைத்திருந்தேன். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004லேயே சொல்லியிருக்கிறது. கல்யாணத்துக்குக் கல்யாணம் தட்டில் வைத்து நீட்டுகிற பொருள் என்பதாலோ என்னவோ, அந்தச் செய்தி எங்கள் பக்கம் வந்து சேரவில்லை.

சதைப் பரிசோதனை முடிவு வந்த அன்று என் கொழுந்தனார் டாக்டரைத் தனியே பிடித்து, "அண்ணன்கிட்ட சொல்லிராதீங்க சார், மனசு விட்ருவாரு" என்று கேட்டுக்கொண்டார். அதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஊர் ஊராகப் போர்டு பார்த்தே பிழைத்த மனிதருக்கு அந்த வார்டின் வாசலில் இருந்த போர்டைப் படிக்கத் தெரியாதா? அன்று ராத்திரியே "எத்தனாவது ஸ்டேஜாம்?" என்று கேட்டார். மூன்று என்று சொன்னேன். "சரி" என்றார். அப்புறம் மகளின் காலேஜ் பீஸ் எப்போது கட்டணும் என்று கேட்டார்.

"அடையாறுக்குப் போனீங்களா?" என்பது தமிழ்நாட்டில் புற்றுநோய் வந்த எந்த வீட்டிலும் முதல் வாரமே காதில் விழுகிற கேள்வி. நாங்களும் போனோம். ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, தெரியாதவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மதுரையில் சொன்ன அதே சிகிச்சையைத்தான் அங்கேயும் சொன்னார்கள், ஊர்ப் பக்கமே பார்த்தால் தினமும் போய்வர வசதி என்றும் சொன்னார்கள். அந்த இடத்தைப் பற்றி முன்பே படித்திருக்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை முப்பது வருடம் மனதில் வைத்திருந்து, 1954இல் பன்னிரண்டு படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவமனை அது. நோய் வந்தவர் ஆரம்பித்ததில்லை, கூட இருந்து பார்த்தவர் ஆரம்பித்தது. வரிசையில் உட்கார்ந்திருந்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். சுற்றிலும் ஜோடி ஜோடியாக ஆட்கள். ஒருவர் பைலைக் கையில் பிடித்திருப்பார், இன்னொருவர் சும்மா இருப்பார். பெயர் கூப்பிட்டால் பைல் வைத்திருக்கிறவர்தான் எழுந்து "இருக்கோம்" என்பார். வயசு கேட்டாலும் அவர்தான் சொல்வார், எப்போதிலிருந்து வலி என்று கேட்டாலும் அவர்தான் சொல்வார். அன்று பைல் என் மடியில் இருந்தது.

குழாய், சிரிஞ்சு, நோட்டு

ஆபரேஷன் மதுரையிலேயே நடந்தது. நாக்கில் வலது பாதியை எடுத்துவிட்டு, இடது முன்கையிலிருந்து தோலும் சதையும் ரத்தக்குழாயோடு எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். கையில் பள்ளமான இடத்துக்குத் தொடையிலிருந்து தோல். கழுத்தைத் திறந்து நெறிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், எடுத்தார்கள். மூச்சுக்குத் தொண்டையில் ஒரு துளை, சாப்பாட்டுக்கு மூக்கு வழியாகக் குழாய். தொண்டைத் துளை வழியாக மூச்சு போகும்வரை குரல் வராது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொன்னது வேறு, அவர் வாய் அசைந்து சத்தமே வராததை நேரில் பார்ப்பது வேறு.

குழாயில் சாப்பாடு கொடுப்பதை ஒரு நர்ஸம்மா எனக்குச் சொல்லித்தந்தார். பெரிய சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு, வெறும் குடுவையைக் குழாயின் முனையில் பொருத்தி, அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கையை உயர்த்திப் பிடித்தால் வேகமாக இறங்கும், தாழ்த்தினால் மெதுவாக இறங்கும். வேகமாக இறங்கினால் வயிறு உப்பிக் குமட்டும், அதனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை ஏற்றி இறக்குவேன். ராகிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், பாலில் அடித்த அவித்த முட்டை வெள்ளைக்கரு, மோர், எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டிவிடுவேன், ஒரு சின்னத் திப்பி இருந்தாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். ஊற்றி முடித்ததும் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை விட்டுக் கழுவி மூடியைப் போட வேண்டும். அரை மணி நேரமாவது நிமிர்ந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இது. உள்ளே என்ன போகிறது என்று ருசி தெரியாது, வயிற்றில் சூடு மட்டும் தெரியும் என்று பின்னால் ஒருநாள் சொன்னார்.

பேச்சுக்கு நோட்டு. மகளின் பழைய ரஃப் நோட்டில் பென்சிலால் எழுதுவார். ட்ரிப் ஷீட் எழுதிப் பழகிய கை, ஒரு வார்த்தை, அதிகம் போனால் ரெண்டு. எனக்கு அது சீக்கிரம் பழகிவிட்டது. "த" என்று எழுதும்போதே தண்ணீர் என்று எழுந்துவிடுவேன். "வ" என்றால் வலி. நர்ஸ்கள் ஆச்சரியப்பட்டார்கள், "எழுதவே வேண்டாம் போலயே, நீங்களே சொல்லிர்றீங்களே" என்றார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்ததற்கு அது ஒரு அத்தாட்சி என்று பட்டது. சில நேரம் அவர் எழுத வந்தது தண்ணீராக இருக்காது, தலையணையாக இருக்கும். நான் சிரிஞ்சில் தண்ணீரோடு வந்து நிற்பதைப் பார்த்து, சரி ஊற்று என்று தலையை ஆட்டிவிடுவார். இதையும் ரொம்பப் பின்னால்தான் சொன்னார்.

அந்த நாட்களில் அவருக்கு ஒரு வாய் வேண்டியிருந்தது, நான் இருந்தேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவது ரெண்டு நிமிடம். அதற்குள் அவர் நோட்டை எடுத்து எழுதி நீட்டுவதற்குள் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? அதனால் அதைத் தவறென்று நான் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் இந்தத் தேவை இன்றோடு முடிந்தது என்று யாரும் வந்து நமக்குச் சொல்வதில்லை. குழாயை எடுக்கத் தேதி குறிக்கிறார்கள், தையல் பிரிக்கத் தேதி குறிக்கிறார்கள். கூட இருக்கிறவர் எப்போது பேச்சை நிறுத்தலாம் என்று ஒரு சீட்டிலும் எழுதித் தருவதில்லை.

கரண்ட் வைத்தது, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, பற்றிக் கொஞ்சமாகச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பே சொத்தைப் பற்களைப் பிடுங்கினார்கள், கரண்ட் பட்ட தாடையில் பிற்பாடு பல் எடுத்தால் புண் ஆறாதாம். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி, அவர் முகத்துக்கே ஒரு முகமூடி செய்து, தினமும் அதைப் போட்டு மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம், முப்பது முறை. வாரம் ஒரு கீமோ. மூன்றாவது வாரத்தில் வாய் முழுக்க வெந்துபோய், திரும்பவும் மூக்கில் குழாய். எடுத்த குழாயைத் திரும்பப் போட்ட அன்றுதான் அவர் அழுது நான் பார்த்தேன். எச்சில் ஊறுவது நின்றுபோனது, அது இன்றும் முழுதாகத் திரும்பவில்லை. எங்கே போனாலும் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும் என்பதால் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துப் பழக வேண்டும், ஒவ்வொரு குச்சியாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதெல்லாம் அவர் தாங்கியது. நான் கூட இருந்தேன், அவ்வளவுதான்.

ஊரில் என்னைச் சாவித்திரி என்றார்கள். எமன்கிட்டருந்து புருஷனை மீட்டுக்கொண்டு வந்துட்டா என்று என் பெரியம்மா எல்லோரிடமும் சொல்வார். அன்பாகச் சொல்வதை மறுக்க முடியாது. ஆனாலும் அந்தக் கதையை நினைத்துப் பாருங்கள். எமனோடு வாதாடுவது, வரம் கேட்பது, மாமனாருக்குக் கண் கேட்பது, எல்லாம் சாவித்திரிதான். அவள் பேசுகிற நேரமெல்லாம் சத்தியவான் நினைவில்லாமல் கிடக்கிறான். என் கணவர் நினைவோடு இருந்தார். முகமூடிக்குள் மூச்சு முட்ட மேஜையில் படுத்துக் கிடந்தது அவர். அந்தப் பாராட்டில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லாமல் போனது எனக்குப் பொறுக்கவில்லை.

தெரபி அறையில்

குழாயை எடுத்து, வாய்ப்புண் ஆறி, குழைத்த தயிர்சாதம் உள்ளே போகத் தொடங்கிய பிறகு, பேச்சுப் பயிற்சிக்குப் போகச் சொன்னார்கள். அதற்குள் குரல் வந்திருந்தது. குரல் பழைய குரலேதான், சொற்கள்தான் உருவம் கலைந்து வந்தன. ப, ம, வ எல்லாம் உதட்டு எழுத்துகள், அவற்றில் தகராறு இல்லை. ட, ண, ள என்று நாக்கை மடித்து மேலே தொடுகிற எழுத்துகள்தான் சிக்கல். வீட்டில் எனக்கும் மகளுக்கும் பாதி புரியும். வெளியே யாருக்கும் புரியாது, அதனால் அவர் ஆரம்பித்ததும் நான் முடித்துவிடுவேன். கடையில், போனில், வாசலில் வந்து நிற்கிற கேஸ் சிலிண்டர்காரரிடம், எல்லா இடத்திலும்.

பயிற்சி தருகிற பெண் சின்ன வயசு. முதல் நாளே என்னை மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். "அம்மா, நான் சார்கிட்ட மட்டும்தான் பேசுவேன். அவரு எவ்வளவு நேரம் எடுத்தாலும் நீங்க பேசக் கூடாது. வாயை அசைச்சுக் காட்டவும் கூடாது, சரியா?" என்றார். சரி என்றேன். "சார், உங்க ரூட்ல வர்ற ஊரெல்லாம் சொல்லுங்க" என்றார். நான் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த ரூட்டில் நாக்கைக் கேட்காத ஊர் ஒன்றுகூடக் கிடையாது. செக்கானூரணியில் க்கவும் ணவும். உசிலம்பட்டியில் லவும் ட்டவும். ஆண்டிபட்டியில் ரெண்டு இடத்தில் மடிக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லி, தண்ணீர் குடித்து, திரும்பச் சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது. எச்சில் உதட்டோரம் வழிந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டார். என் வாய்க்குள் அந்த ஊர்ப் பெயர்கள் முழுசாக நின்றன. அந்தப் பெண் கடிகாரத்தையே பார்க்கவில்லை. "ஆண்டிபட்டில நாக்கை மடிக்க முடியலைன்னா விடுங்க சார், நுனியை முன்பல்லுக்குப் பின்னால வச்சு அழுத்துங்க, கேக்குறவங்களுக்கு ட மாதிரியே கேக்கும்" என்றார். செய்தார். கேட்டது.

அதன் பிறகு, பயிற்சியில் ஒரு பகுதி போலச் சாதாரணமாக, "உடம்பு தேறினதும் என்ன பண்ணப் போறீங்க சார்?" என்று கேட்டார். இதற்கு ரெண்டு வாரம் முன்புதான் நானும் அவரும் டெப்போவுக்குப் போய் மேலாளரைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். "இனிமே இவருக்கு லைன் வேண்டாம் சார், உள்ள உக்கார்ற மாதிரி ஏதாவது வேலை போதும்" என்று நான்தான் சொன்னேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். அதனால் பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"பஸ்ஸுக்குப் போகணும்" என்றார். அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, எனக்குப் புரிந்தது. "லைன்ல போகணும்" என்று இன்னொரு முறை, இன்னும் மெதுவாகச் சொன்னார். "உள்ள உக்கார முடியாது." ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் அவ்வளவு இடைவெளி. அந்த இடைவெளியில் நான் எப்போதும் நுழைந்துவிடுவேன். அன்று நுழைய அனுமதி இல்லாததால்தான் அந்த வாக்கியம் முழுசாக வெளியே வந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். வெளியே வந்து பஸ் ஏறும்வரை பேசவில்லை. ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். அன்னைக்கு மேனேஜர் முன்னாடி தலையாட்டினீங்களே, அப்ப எங்க போச்சு இது, என்னை ஆபீஸ் ஆபீஸா அலைய வச்சு வேடிக்கை பார்த்தீங்களா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லத் தொடங்கினார். பஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பச் சொன்னார். காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டேன். "நீ... கேக்கலையே" என்றார். என்னிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது, ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. காத்திருந்தேன். "கேட்டிருந்தா... சொல்லிருப்பேன்." அவர் முடித்த பிறகுதான் நான் பேசினேன். நான் முடித்த பிறகு அவர் ஆரம்பித்தார். சண்டையில் எதிராளி வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததும் ரொம்ப நாளுக்கப்புறம் அதுதான் முதல் முறை.

நோய் வந்ததிலிருந்து நாங்கள் சண்டை போட்டதே இல்லை. புற்றுநோயாளியிடம் யார் சண்டை போடுவார்கள்? எதைச் சொன்னாலும் சரிங்க, எதைக் கேட்டாலும் கொண்டு வர்றேங்க. அவரும் அப்படித்தான், பணிவிடை செய்கிறவளிடம் எதை மறுப்பது என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறார். டெப்போவில் ஆட்டிய தலையும் அதில் ஒன்று. ஒரு வீட்டுக்குள் ரெண்டு பேர் இத்தனை மரியாதையாக நடந்துகொண்டால் அது ஆஸ்பத்திரிதான், வீடு இல்லை. அன்று பஸ்ஸில் முன் சீட்டு அம்மா திரும்பித் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நடந்த சண்டையில்தான் என் வீட்டுக்காரர் எனக்குத் திரும்பக் கிடைத்தார் என்று தோன்றுகிறது.

இப்போது

கடைக்குப் போனால் அவர் கேட்பார், கடைக்காரர் புரியாமல் என் முகத்தைப் பார்ப்பார், நான் ரேக்கில் இருக்கிற சோப்பைப் பார்ப்பேன். இது எழுதுகிற அளவுக்குச் சுலபம் இல்லை. கடைக்காரருக்குச் சங்கடம், இவருக்கு அவமானம், பின்னால் நிற்கிறவருக்கு அவசரம். சொல்லிவிட்டால் ஒரு நொடியில் முடிகிற வேலை. ஆனால் மூன்றாவது நான்காவது தடவையிலிருந்து அந்தக் கடைக்காரர் இவரைப் பார்த்தே பேசத் தொடங்கிவிட்டார். மனிதர்களுக்குப் பழக நேரம் வேண்டும், அவ்வளவுதான், அந்த நேரத்தைத்தான் நான் இத்தனை நாள் கொடுக்காமல் இருந்தேன்.

செக்கப்புக்குப் போனால் டாக்டர் கேள்வியை என்னிடம் கேட்பார். "அவர்கிட்டயே கேளுங்க டாக்டர்" என்று நான் சொன்ன முதல் நாள் டாக்டர் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். அப்புறம் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக் கேட்டார். வலது தோளைத் தூக்கினால் ராத்திரியில் வலிக்கிறது என்று அவர் சொன்னது அன்றுதான். நெறி எடுக்கும்போது தோளுக்குப் போகிற நரம்பு பாதிக்கப்படுவது உண்டு, பயிற்சி செய்தால் ஓரளவு சரியாகும் என்று டாக்டர் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். "வலி பரவாயில்லை" என்று நான் எத்தனை முறை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! வாய் வலியை மனதில் வைத்துச் சொன்னது அது. தோள் என் கணக்கிலேயே இல்லை.

போன்தான் இன்னும் கஷ்டம். முகம் தெரியாத இடத்தில் குரல் மட்டும் போதவில்லை, எதிரில் இருப்பவர் "யாருங்க, குடிச்சிருக்கீங்களா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டார். அன்று அவர் போனை என்னிடம் நீட்டினார். வாங்கிப் பேசினேன். அவர் நீட்டினால் வாங்கலாம் என்பது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. பேசப் பிடிக்காத நாளும் அவருக்கு உண்டு, அன்று பழையபடி நோட்டில் எழுதுவார், நான் வார்த்தை முடியும்வரை காத்திருப்பேன். மகள்தான் இதில் எங்கள் இருவரையும்விடக் கெட்டிக்காரி. அப்பா பேசும்போது அவள் செல்லைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். புரியாவிட்டால் "புரியலப்பா, இன்னொரு தடவை" என்கிறாள். புரிந்த மாதிரி தலையாட்டுவதில்லை. நான் புரிந்த மாதிரி தலையாட்டியதெல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

சாப்பாட்டு நேரம் ரொம்ப நாள் தனியாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்க வேண்டும், வலது பக்கம் சாதம் தங்கினால் விரலால் தள்ள வேண்டும், யாரும் பார்க்கக் கூடாது என்பார். அதை நான் வற்புறுத்தி மாற்றவில்லை. இப்போது எங்களோடு உட்காருகிறார். கல்யாணப் பந்தியில் இன்னும் உட்காருவதில்லை, மொய் வைத்துவிட்டு வந்துவிடுவோம். அழைத்தவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நோய் திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் ரெண்டு வருடத்தில்தான் வரும் என்கிறார்கள். எங்களுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. ஒவ்வொரு செக்கப்புக்கு முந்தின ராத்திரியும் இருவருக்கும் தூக்கம் வராது. முன்பெல்லாம் நான் தூங்குவது போலக் கிடப்பேன், அவரும் அப்படியே. இப்போது "முழிச்சிருக்கியா?" என்று கேட்கிறார். முழிச்சுத்தான் இருக்கேன் என்கிறேன். எதையாவது பேசுகிறோம், பெரும்பாலும் மகளின் படிப்பு பற்றி.

வேலை விஷயம் இன்னும் முடியவில்லை. அடுத்த மாதம் மெடிக்கல் போர்டு முன்னால் போக வேண்டும். லைனுக்குப் போவேன் என்று சொல்லப்போவதாக அவர் சொல்கிறார். ஓடுகிற பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க அந்தத் தோள் தாங்காது, தூசி தொண்டைக்கு ஆகாது, பண்டிகைக் கூட்டத்தில் பத்து பேர் ஒரே நேரத்தில் ஊர் கேட்டால் என்ன செய்வீர்கள் என்பது என் கட்சி. கம்பியை இடது கையால் பிடிப்பேன், தண்ணீர் பாட்டில் பையில் இருக்கும், ஊரைப் பயணிகளே சொல்லப்போகிறார்கள், நான் மெஷினில் அழுத்தப்போகிறேன் என்பது அவர் கட்சி. விசில் வருகிறதா என்று போன வாரம் கொல்லைப்பக்கம் நின்று ஊதிப் பார்த்தார். கீழுதடு ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் தொய்வாக இருப்பதால் காற்று ஓடுகிறது, ஆனாலும் வருகிறது, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தேனி லைன் வேண்டாம், டவுன் பஸ் என்றால் யோசிக்கலாம் என்று நான் கொஞ்சம் இறங்கி வந்தேன். டவுன் பஸ்ஸில்தான் நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப், கூட்டம் அதிகம், ஏறி இறங்கும் வேலை அதிகம், தோளுக்கு அதுதான் கெடுதல், உனக்கு பஸ்ஸைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். அதில் அவர் சொல்வது சரி. போர்டு அறைக்குள் நான் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். பிசியோதெரபி சீட்டை மட்டும் பைலில் மேலே வைத்திருக்கிறேன், அதைக் காட்டச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்கிறார்.